தப்பிச்சிக்கிச்சு என்றொரு பொய்

கெட்ட வார்த்தைகள் மீது எனக்குக் கோபம் கிடையாது. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதெல்லாம் காதோரம் போகிற காற்று. எனக்கு ஆகாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'தப்பிச்சிக்கிச்சு.' வேட்டைக்குப் போகிறவர்கள் சொல்வது. ரவை பட்டு, ரத்தம் சொட்டச் சொட்டப் புதருக்குள் போன மானைத் தேடிப் பிடிக்க வக்கில்லாமல் திரும்பி வருகிறவன், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வான்: "ஒண்ணு பட்டுச்சு, ஆனா தப்பிச்சிக்கிச்சு." கேட்கிறவர்களுக்கு அந்த மான் எங்கோ பிழைத்து மேய்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். சொல்கிறவனும் அப்படியே நம்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காரலாம். அதற்காகத்தான் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னேன். ஆகவே இந்தக் கோபத்தில் பாதி என் பங்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானைச் சுடுவது குற்றம். அது எங்களுக்குத் தெரியும். "மாட்னா புழல் ஜெயில்ல களிதான்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். நான் அப்போது எண்ணெய்த் தொட்டிகள் செய்கிற ஒரு பட்டறையில் ஃபிட்டர். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷன். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களில் எங்கள் பக்கத்து ரோட்டைப் பார்த்தவர்களுக்கு லைன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக மைல் கணக்கில் நிற்கும். நகர்ந்தால் நகரும். இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கும். டிரைவர்கள் வண்டியடியில் துணி காயப்போடுவார்கள், சீட்டாடுவார்கள், பிள்ளைக்குக் காது குத்திவிட்டுக்கூடத் திரும்பி வருவார்கள். மாமா பின்வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேட்டைக்குப் போவார்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி, மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் மாந்தோப்பு இருந்தது. பன்றி விரட்ட என்று அங்கே ஒரு நாட்டுத் துப்பாக்கி. தோப்புக்குப் பின்னால் முள்காடு, அதற்கும் பின்னால் ஒரு ஏரி. நாங்கள் மூன்று பேர் போவோம். மாமா, நான், மூன்றாவதாக மாமாவின் தோஸ்து, எங்கள் பட்டறை பெயிண்டர். தொட்டிகளுக்கு ரெட் ஆக்சைடு அடிப்பது அவர் வேலை. முப்பது வருஷமாக அடித்து அடித்து அவர் நகக்கண்ணெல்லாம் செங்கல் நிறம். அவருடைய தம்பியின் வேனில்தான் போவோம்.

ஒரு வருஷம் தை மாதம் மாமா ஒரு கலைமானை அடித்தார். பட்டது. மூவரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். கொஞ்ச தூரம் ரத்தம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கடைசியாக ரத்தம் பார்த்த இடம் எது என்று திரும்பிப் பார்த்தால் அதுவும் தெரியவில்லை. எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருந்தது. அரைமணி நேரம் சுற்றிவிட்டு மாமா, "வுடு, தப்பிச்சிக்கிச்சு" என்றார். நானும் விட்டேன். ஆனால் வரும் வழியெல்லாம் வேன் ஜன்னல் வழியாகப் புதர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பைப் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து சாக்பீஸால் கோடு போட்டுவைக்கத் தெரிந்தவன் நான். ஒரு மிருகத்தின் ரத்தம் ஒழுகின இடத்தை அடையாளம் வைக்கத் தெரியாமல் போனது எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த முறைக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். பட்டறையில் கை துடைக்க வேஸ்ட் என்று ஒன்று வரும். மில்லில் கழித்த நூல், சிக்கல் சிக்கலாக, மூட்டையாக. புது வேஸ்ட் வெள்ளை வெளேரென்று இருக்கும். ரத்தம் தெரிகிற ஒவ்வொரு செடியிலும் அதில் ஒரு பிசிறு கட்டிக்கொண்டே போனால், பின்னால் திரும்பிப் பார்த்தாலே மான் போன வழி கோடு போட்ட மாதிரி தெரியும் இல்லையா? வழி தவறினாலும் கடைசி வெள்ளைக்குத் திரும்பி வரலாம். பெயிண்டரிடம் சொன்னேன், "ஒரு பை நெறைய வேஸ்ட் எடுத்துக்கினு வந்துடுண்ணா." அவர் தலையாட்டினார். புது வேஸ்ட் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத குற்றமும் என்னுடையதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தோப்பின் கடைசி மாமரத்தடியில் நின்றிருந்தோம். துப்பாக்கி என் கையில். மாமா எனக்குக் கொடுத்தது பெருமைக்காக. மச்சானும் ஒன்றைச் சாய்த்தான் என்று லைனில் சொல்லிக்கொள்ள. முள்காட்டின் ஓரத்தில் ஒரு பெட்டை மான் வந்து நின்றது. உடம்பில் பாதி ஒரு காரைச்செடிக்குப் பின்னால். முகமும் தெரியவில்லை, முன்கால் தோளும் தெரியவில்லை. தெரிந்தது வயிறும் பின்புறமும்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அது நகர்ந்து நின்றிருக்கும். நகராமல் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

"அட்றா மச்சான், இன்னா பாத்துகினு கீற" என்றார் மாமா, காதுக்குள்.

அடித்தேன். மான் துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டது. வயிற்று வலி வந்தவர்கள் எழுந்து நடக்கிற மாதிரி, குனிந்த முதுகோடு, மெதுவாக, ஓடாமல் புதருக்குள் போனது. அது எப்படிப் போனது என்பதை நான் முழுசாகப் பார்த்தேன். பார்த்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதவன் கையில் துப்பாக்கி எதற்கு என்று யாராவது என்னை அப்போது அறைந்திருக்க வேண்டும்.

மாமா "பட்டுச்சி, பட்டுச்சி" என்று கத்திக்கொண்டு ஓடினார். லோடு சரிந்தால் நாலா பக்கத்திலிருந்தும் ஆள் ஓடுமே, அந்தப் பழக்கம். எங்கள் ஊரில் எது விழுந்தாலும் முதலில் ஓடுவோம், யோசிப்பது அப்புறம். நானும் ஓடினேன். மான் நின்ற இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்கக்கூட இல்லை.

புதருக்குள் நுழைந்ததும் முதல் ரத்தம் தெரிந்தது. ஒரு இலையில் ஒரு சொட்டு. "வேஸ்ட் குடுண்ணா, கட்டணும்" என்றேன். பெயிண்டர் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது பழசு. அவர் கை துடைத்து, பிரஷ் துடைத்து, தரை துடைத்துப் போட்ட குப்பை. முந்தின நாள் அடித்த ரெட் ஆக்சைடு அதில் பிசுபிசுவென்று இன்னும் காயாமல் இருந்தது.

"இன்னாண்ணா இது" என்றேன்.

"செடியில கட்டத்தானே? அதுக்கு எதுக்கு நைனா புதுசு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை, மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தார். இருப்பதைக் கட்டுவோம் என்று பிய்த்துக் கட்ட ஆரம்பித்தேன். கட்டின கையால் கிளையை விலக்கினால் கிளையில் செம்மை. இலையில் பட்டால் இலையில் செம்மை. ஆனால் அதைவிடப் பெரிய கூத்தை நான் கவனிக்கவில்லை. பெயிண்டர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தொட்டியில் பெயிண்ட் வழிந்து சொட்டு நின்றுவிட்டால் வேலை கெட்டது. சொட்டைக் கண்ட உடனே துடைத்துவிட வேண்டும். முப்பது வருஷமாக அவர் கை அதைச் செய்கிறது. அந்தக் கை, இலையில் ரத்தச் சொட்டைக் கண்டதும், "இங்க ஒண்ணு கீது" என்று சொல்லிக்கொண்டே வேஸ்ட்டால் துடைத்துவிட்டது. அடுத்த சொட்டையும். அதற்கடுத்ததையும். நான் பின்னால் வந்து பார்த்தால் எல்லா இலையிலும் ரெட் ஆக்சைடு தீற்றல், ஒன்றிலும் ரத்தம் இல்லை. மானுடைய வழியை நாங்களே சுத்தமாகத் துடைத்துவிட்டு, எங்கள் வழிக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம்.

"இன்னாண்ணா பண்ணிகினு கீற, தொடைக்காதே" என்று கத்தினேன். அவர் தன் கையைப் பார்த்தார். தான் துடைத்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரைத் திட்டவும் என்னால் முடியவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு மணி நேரம் சுற்றினோம். மாமா கல்லை விட்டெறிந்து புதர்களைக் கலைத்தார். விசிலடித்தார். ஒரு தடவை தூரத்தில் எதுவோ எழுந்து போகிற சலசலப்பு கேட்டது. அந்தப் பக்கம் ஓடினோம், ஒன்றுமில்லை. அப்போதுதான் மாமாவின் செல்போன் அடித்தது. பின்வண்டிக்காரர். பேசிவிட்டு மாமா சொன்னார்:

"கெளம்பு. லைன் நவுர்ற மாதிரி கீதாம்."

"மானு?"

"இன்னா மானு? தப்பிச்சிக்கிச்சு. லைன் போச்சுன்னா மறுக்கா வால்லேர்ந்து நிக்கணும். நீயா வந்து நிப்ப?"

"நீ போ மாமா. நான் தேடிட்டு வரேன்."

"தனியா மாட்டிகினா எங்க ரெண்டு பேரு பேரையும் சொல்லுவ. பேஜாரு பண்ணாத, வா."

போனேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. என் காலால் நடந்து போய் வேனில் ஏறினேன். எண்ணூர் ரோட்டுக்கு வந்து பார்த்தால் லைன் ஒரு அடிகூட நகரவில்லை. மாமாவின் டிரெய்லர் காலையில் நின்ற டீக்கடைக்கு நேராகவே நின்றிருந்தது. பின்வண்டிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நவுர்ற மாதிரி இருந்துச்சுபா, நவுரல" என்றார்.

வீட்டுக்குப் போனேன். அக்கா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். எங்கள் வேட்டையைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள், கறி வந்தால் சமைக்கவும் மாட்டாள், பெயிண்டர் வீட்டில்தான் சமைப்பார்கள். "இன்னாடா, வெறுங்கையோட வந்துக்கிற" என்றாள்.

"ஒண்ணு பட்டுச்சுக்கா. தப்பிச்சிக்கிச்சு." சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"எங்க பட்டுச்சு?"

"வயித்துல."

அவள் முறத்தை ஆட்டுவதை நிறுத்தினாள். "கொடலு கிழிஞ்சா எப்டிடா தப்பிக்கும்? தெனம் நூறு வயிறு கிழிக்கிறேன், எங்கிட்ட வந்து சொல்ற. அது எங்கனா படுத்துகினு துடிக்கும். தப்பிச்சது நீங்க மூணு பேரு."

அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லாமல் முதல் ரயிலில் ஏறினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கையில் துப்பாக்கி இல்லை. சட்டைப் பையில் புது வேஸ்ட் ஒரு கை மட்டும் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, தோப்புக்குப் போய்ச் சேர எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. முள்காட்டு ஓரத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் புதருக்குள் நுழையப் போவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நேத்து இங்க கூச்சல் போட்டது நீங்கதானா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "ஆமாங்க. ஒரு மான் அடிபட்டுடுச்சு. தேட வந்தேன்."

"நீங்க அடிச்சிட்டு, அடிபட்டுடுச்சுன்றீங்க" என்றாள். கையிலிருந்த தொரட்டுக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு புதர்களைப் பார்த்தாள். நாங்கள் கட்டின வேஸ்ட் அங்கங்கே அழுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இத்தனை இடத்துலயா ரத்தம்? இல்ல, இது என்ன, சாயமா?"

சொன்னேன். பெயிண்டர் துடைத்ததையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாங்க, பாக்கலாம். உங்களுக்காக இல்ல. செத்தது கெடந்தா நாய்க் கூட்டம் வரும். வந்தா அது தின்னுட்டு சும்மா போவாது, என் குட்டியத்தான் தூக்கும்."

அவள் வேஸ்ட் கட்டின வழியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைச் சுட்ட இடத்தில் நிற்கச் சொல்லி, மான் எங்கே நின்றது என்று கையைக் காட்டச் சொன்னாள். நான் மாமரத்தடியிலிருந்து கையைக் காட்ட, அவள் அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். நேற்று நாங்கள் மிதித்துக்கொண்டு ஓடின இடம் அது. தரையிலிருந்து மயிரைப் பொறுக்கி என்னிடம் காட்டினாள். வெள்ளை மயிர், அடிவயிற்று மயிர். பக்கத்துப் புல்லில் பச்சையாக எதுவோ அப்பிக் காய்ந்திருந்தது. அசை போட்ட புல். "குடல்ல பட்டிருக்குது" என்றாள். "நாய் கடிச்ச ஆடும் இப்படித்தான். குடல் கிழிஞ்சது தூரம் போவாது. கிட்டத்துல படுத்துக்கும்."

மான் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பியிருக்கிறது, சொட்டையெல்லாம் துடைத்துவிட்ட நாங்கள் அது தெரியாமல் வலது பக்கம் போயிருந்தோம். அவள் இடது பக்கம் போனாள். ஒரு சூரைப்புதருக்கு முன்னால் நின்று கோலால் கிளையைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே புல் அமுங்கி, ஒரு மான் படுக்கிற அளவுக்குத் தரை தெரிந்தது. திட்டுத் திட்டாக ரத்தம் கறுத்திருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமரம் தெரிந்தது. நாங்கள் நின்ற இடம் தெரிந்தது, பெயிண்டர் பீடி பற்றவைத்துப் போட்ட தீக்குச்சி ஒன்றுதான் தெரியவில்லை. நடந்து பார்த்தேன். எண்பது அடி எடுத்து வைத்தேன், மரம் வந்துவிட்டது.

"சுட்டுட்டு வாயை மூடிக்கிட்டு அந்த மரத்தடியிலயே குந்தியிருந்தா இது இங்கயே இருந்திருக்கும்" என்றாள். "கால் மரத்துப்போயி எழுந்திருக்காது. நடந்து வந்து பாத்திருக்கலாம். நீங்க கத்துனதுல எழுந்து போயிருக்குது."

"எவ்ளோ நேரம் குந்தியிருக்கணும்?"

"ஆடு வயிறார மேஞ்சிட்டு அசை போட்டு முடிக்கிற நேரம். அதுகூட முடியாதா உங்களுக்கு?"

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. எங்களால் ஒரு டீ வருகிற நேரம்கூடச் சும்மா இருக்க முடியாது. ஆனால் அதே மாமா லைனில் ஒரு பகல், ஒரு ராத்திரி, இன்னொரு பகல் சும்மா உட்கார்ந்திருப்பார். கன்டெய்னருக்காக உட்காரத் தெரிந்தது. தான் கிழித்த வயிற்றுக்காக உட்காரத் தெரியவில்லை. இதை நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், மாமா பக்கத்தில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அங்கிருந்து ஒவ்வொரு ரத்தத்துக்கும் நான் வெள்ளை வேஸ்ட் கட்டினேன். அவள் முன்னால் போனாள், நான் கடைசிச் சொட்டில் நின்றேன். அவள் அடுத்ததைக் கண்டு கையைத் தூக்கிய பிறகுதான் நான் நகர்ந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. இவ்வளவுதான் விஷயம். ஒருவர் நிற்க வேண்டும், ஒருவர் தேட வேண்டும், எவரும் எதையும் மிதிக்கக் கூடாது. இரண்டாவது படுக்கை ஒன்று வந்தது, பிறகு மூன்றாவது. எழுந்து எழுந்து போயிருக்கிறது. மாமா கல்லெறிந்தபோது எந்தப் படுக்கையிலிருந்து எழுந்ததோ, விசிலடித்தபோது எதிலிருந்து எழுந்ததோ. மூன்றாவது படுக்கையிலிருந்து வழி நேராக ஏரிக்கு இறங்கியது. "தாகம்" என்றாள் அவள். "வயித்துல பட்டா தண்ணிக்குத்தான் போவும்."

ஏரி ஓரத்துக் கோரைக்குள் கிடந்தது. தலை தண்ணீர்ப் பக்கம். நாய்கள் இன்னும் வரவில்லை. கண் திறந்தே இருந்தது. அவள் குனிந்து மானின் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"தொட்டுப் பாருங்க."

நான் நகரவில்லை.

"தொடுங்க. நீங்கதான சுட்டீங்க."

தொட்டேன். சூடாக இருந்தது. கழுத்தைத் தூக்கிக் காட்டினாள், இன்னும் தொளதொளவென்று ஆடியது. "விடிஞ்சப்புறம்தான் போயிருக்குது. வெயில் ஏர்ற நேரம்." ஏழு, ஏழரை இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். நான் கும்மிடிப்பூண்டியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை. ஒரு முழுப் பகல், ஒரு முழு ராத்திரி. நான் வீட்டில் படுத்திருந்தேன், அது இங்கே படுத்திருந்தது.

அழுதேன். கரையில் மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. இருவரும் இழுத்துப் போட்டு, மண் தள்ளி, மேலே முள் வெட்டிப் போட்டோம். அவள் கையைக் கழுவிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தச் சாயத்துணியெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டுப் போங்க. ஆடு தின்னுட்டா அதுவும் செத்துப்போவும்." மதியம் வரைக்கும் ஒவ்வொரு புதராகப் போய், தோப்பில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையில் பொறுக்கிப் போட்டேன். அதில் எது ரத்தம், எது ரெட் ஆக்சைடு என்று பொறுக்கின எனக்கே தெரியவில்லை.

பையோடு நேராக லைனுக்குப் போனேன். டிரெய்லர் டீக்கடையைத் தாண்டி ஒரு நாலு வண்டி நீளம் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான், ஒன்றரை நாளில். மாமா சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"கெடச்சிச்சா? கறி எங்கடா?"

பையைக் கவிழ்த்தேன், அவர் மடியிலேயே. அழுக்கு வேஸ்ட் எல்லாம் அவர் லுங்கியில் கொட்டியது. நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அச்சில் ஏறாத வார்த்தைகள். பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். கடைசியில் நான் சொன்னது மட்டும் எழுதக்கூடியது. "இனிமே நீ வேட்டைக்குப் போனா நானும் வருவேன். துப்பாக்கி தொடமாட்டேன். ஆனா பட்டது கெடைக்கிற வரைக்கும் ஒருத்தனும் வண்டி ஏறக்கூடாது. லைன் போனா போவட்டும்."

"பைத்தியமாடா நீ" என்றார்.

நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் நிறுத்துகிற மனுஷர் இல்லை. அதனால் சொன்னபடி கூடவே போனேன், ஒரே ஒரு தடவை. மாந்தோப்பில் இறங்கியதும் என் சட்டத்தைச் சொன்னேன். புதருக்குப் பின்னால் நிற்பதைச் சுடக்கூடாது. முன்னங்கால் தோள் முழுசாகத் தெரியாமல் சுடக்கூடாது. அந்தக் காரைச்செடியைத் தாண்டி நிற்பதைச் சுடக்கூடாது. சுட்டால் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும், ஒரு மணி நேரம், பீடி கிடையாது, பேச்சு கிடையாது, செல்போன் என்னிடம். பெயிண்டர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சுடுவதற்கு முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். மாமா பத்து நிமிஷத்தில் மூன்று தடவை வாட்ச் பார்த்தார்.

இரண்டு மான் வந்தது. இரண்டும் தோள் தெரிகிற மாதிரி குறுக்கே நிற்கவில்லை. இரண்டு தடவையும் நான் துப்பாக்கிக் குழலைக் கையால் அமுக்கினேன்.

"வேட்டைக்கு வந்தமா, வேளாங்கண்ணிக்கு வந்தமா" என்றார் பெயிண்டர்.

அதற்கப்புறம் அவர்கள் போகவில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை, பாவ புண்ணியம் பார்த்தும் இல்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாததால் போகவில்லை. என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாமாவுக்கு நாலைந்து மாதம் ஆனது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அக்கா அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எத்தனை படுக்கை என்று கேட்டாள். உயிர் எத்தனை மணிக்குப் போயிருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். எதற்குக் கேட்கிறாள் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு ராயபுரத்திலிருந்து மாமாவின் சொந்தக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் மாமாவுக்குப் பழைய வீரம் வந்துவிட்டது. துப்பாக்கி, முள்காடு, ஆந்திரா எல்லை என்று அளந்துகொண்டே போனார். என்னைக் காட்டி, "இவன்கூட ஒண்ணு அடிச்சான்பா. பொட்ட மானு. இம்மாம் பெருசு. கடைசில தப்பிச்சிக்கிச்சு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சாம்பார் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தப்பிக்கல" என்றாள். "மறுநா காலைல ஏழு, ஏழரை வரைக்கும் உசுரோட இருந்துச்சு. அந்நேரம் நீ லைன்லேர்ந்து வந்து இதே எடத்துல குந்திகினு இட்லி துன்னுகினு இருந்த. நான்தான் வச்சேன். இன்னும் ரெண்டு வைடீன்னு கேட்ட."

பிறகு கரண்டியால் சாம்பார் எடுத்து, ஊற்றட்டுமா என்று கேட்கிற மாதிரி இலைக்கு மேலே பிடித்தாள். மாமா கையால் இலையை மறைத்துக்கொண்டார்.